யாரிடம் போய்க் கேட்பது

நான் தலைமையாசிரியை ஆனபோது எனக்கு நாற்பத்து நான்கு வயது. கன்டோன்மென்ட் பக்கம், ஒரு பழைய சர்ச்சின் பின்தெருவில் இருக்கும் ஆங்கிலவழிப் பள்ளியில் அதுவரை கணக்கு டீச்சராக இருந்தேன். கல்யாணமான மறுவருடம் அங்கே சேர்ந்தவள். என் பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, காலேஜுக்குப் போகிற வரைக்கும் அதே ஸ்டாஃப் ரூம், ஜன்னலை ஒட்டி அதே நாற்காலி. பக்கத்து நாற்காலி என் தோழியுடையது. அவள் கெமிஸ்ட்ரி டீச்சர். மதியம் டப்பாவைத் திறந்தால் என் வீட்டுக் குழம்பு அவள் சோற்றில் இருக்கும், அவள் வீட்டுப் பொரியல் என் சோற்றில் இருக்கும். யார் வீட்டில் என்ன சமையல் என்று கேட்டால் மாற்றித்தான் சொல்வோம்.

தலைமையாசிரியை அறை அதே வராந்தாவின் கடைசியில் இருந்தது. அங்கே போய் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே ஒன்று தெரிந்துவிட்டது. நான் ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். யாரும் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. எழுந்து நின்று "குட் மார்னிங் மேடம்" என்றார்கள். போன மாதம் வரை என் தோளில் கைபோட்டுக்கொண்டு படியிறங்கியவர்களும் எழுந்து நின்றார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு என் அறைக்கே திரும்பிவிடுவேன்.

கணக்கு நடத்தத் தெரியும். பிள்ளைகளை அடக்கத் தெரியும். பெரியவர்களை வைத்து ஒரு பள்ளியை நடத்துவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ஒரு டீச்சர் விடுப்பு கேட்டால் இன்னொருவர் முகம் சுண்டியது. டைம்டேபிளில் ஒரு பீரியடை நகர்த்தினால் அது எங்கேயோ போய் யாரையோ குத்தியது. ஆனாலும் எவரிடமும் போய்க் கேட்கத் தோன்றவில்லை. என்னை நம்பித்தானே இந்த நாற்காலியைக் கொடுத்தார்கள், தெரியவில்லை என்று சொன்னால் கொடுத்தவர்களுக்கு என்ன பதில் என்ற எண்ணம். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் சந்தேகம் கேட்க மாட்டார்கள். அதை வகுப்பில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நானும் அந்த ரகம்தான்.

தசரா விடுமுறை முடிந்து பள்ளி திறந்த திங்கட்கிழமை. வழக்கமாக வரும் ஆட்டோவில் பள்ளி வாசல் வரை வந்துவிட்டேன். கேட்டுக்கு முன்னால் ஆட்டோ நின்றது. எனக்கு இறங்கக் கால் வரவில்லை.

"ஒரு ரவுண்டு போயிட்டு வாங்களேன்" என்றேன்.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். சிவாஜிநகர்க்காரர், என் பிள்ளைகள் நர்சரிக்குப் போன நாளிலிருந்து தெரிந்தவர். "ஏன் மேடம், யாராச்சும் வரணுமா?"

"இல்ல. சும்மா."

அவர் வண்டியைத் திருப்பினார். சர்ச்சைச் சுற்றி, பேக்கரி வழியாக, ரயில்வே பாலத்தடி வரை போய்த் திரும்பினோம். மறுபடி கேட் வந்தபோது அவராகவே வேகத்தைக் குறைத்து, "இன்னொண்ணு போலாமா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் கேட்டார். இறங்கிவிட்டேன். அசெம்பிளியில் நின்று பிள்ளைகளோடு ஜெபம் சொல்லும்போதே தீர்மானித்துவிட்டேன். இனி யாரிடமாவது போய்க் கேட்டாக வேண்டும்.

யாரிடம் என்பது அதைவிடப் பெரிய கேள்வியாகிவிட்டது.

முதலில் நினைவுக்கு வந்தவர் எங்கள் பழைய பிரின்சிபல். நான் சேர்ந்த காலத்தில் அவர்தான் பள்ளி. வராந்தாவில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் வகுப்புகள் தானாக அமைதியாகும். ஓய்வு பெற்று குக் டவுனில் ஒரு ஃப்ளாட்டில் தனியாக இருந்தார். ஒரு ஞாயிறு பூசை முடிந்து அவர் வீட்டுக்குப் போனேன். பிளம் கேக் வெட்டி வைத்தார், டீ போட்டார், என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சொல்ல ஆரம்பித்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"இதுக்கா கவலைப்படறே? நான் வந்த புதுசுல ஒரே ஒரு நாள் என் முகத்தைக் காட்டினேன்மா. ஒரே நாள். அதுக்கப்புறம் ஒருத்தர் வாய் திறக்கல."

"எனக்கு அப்படி ஒரு முகம் இல்லையே மிஸ்."

"வரவழைச்சுக்கணும்."

அதன்பிறகு இரண்டு மணி நேரம் அவர் காலத்துக் கதைகள். அத்தனையும் சுவாரசியமானவை. சிரித்துச் சிரித்துக் கேட்டேன். வெளியே வந்து படியிறங்கும்போது அவர்மேல் இருந்த அன்பு கூடியிருந்தது, என்மேல் இருந்த நம்பிக்கை இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தது. மறுநாள் கண்ணாடி முன்னால் நின்று அவர் முகத்தை வரவழைக்கப் பார்த்தேன். என் கணவர் பின்னாலிருந்து, "பல்லு வலிக்குதா?" என்று கேட்டார்.

கணவரிடமும் சொல்லிப் பார்த்தேன்தான். அவர் பொறுமையாகக் கேட்பார். ஆனால் நான் எதைச் சொன்னாலும், "நீ செஞ்சதுதான் கரெக்ட், அவங்களுக்குப் புத்தி இல்ல" என்று முடித்துவிடுவார். கேட்க இதமாக இருக்கும். காலையில் எழுந்தால் பிரச்சினை அங்கேயே இருக்கும்.

அடுத்து பள்ளித் தாளாளர் தாமாகவே ஒரு ஏற்பாடு செய்தார். ரெசிடென்சி ரோட்டில் ஒரு ஹோட்டலில் பள்ளித் தலைவர்களுக்குப் பயிற்சி வகுப்பு. நடத்தியவர் நல்ல மனிதர், நன்றாகப் பேசினார். பிறகு மாதம் ஒருமுறை போனில் எனக்கு வழிகாட்டவும் சம்மதித்தார். முதல் முறை, "உங்க விஷன் என்ன மேடம்?" என்று கேட்டார். எனக்கு அப்போது இருந்த ஒரே விஷன், எட்டாம் வகுப்பு பி பிரிவுக்கு ஒரு கன்னட டீச்சர் கிடைக்க வேண்டும் என்பதுதான். அதைச் சொன்னேன். சிரித்தார். இரண்டாம் முறை நான் மனம்விட்டுச் சில விஷயங்களைச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துத் தாளாளர் என்னிடம், "ஸ்டாஃப் ரூம்ல உங்களுக்குக் கொஞ்சம் கஷ்டமாமே" என்றார். பயிற்சியாளர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் என்னை வேலைக்கு வைத்தவரோடு பேசுகிற ஒருவரிடம் என் பயங்களைச் சொல்ல முடியாது என்று எனக்குப் புரிந்துவிட்டது. மூன்றாம் முறை அவர் கூப்பிட்டபோது எல்லாம் நன்றாகப் போகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இதற்கிடையில் உண்மையான சிக்கல் ஒன்று பெரிதாகிக்கொண்டிருந்தது. என் தோழி காலையில் தாமதமாக வந்தாள். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, வாரத்தில் பாதி நாள். பத்தாம் வகுப்புக்கு முதல் பீரியட் அவளுடையது. பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பாடம் பின்தங்கியது. பெற்றோர்கள் ஃபோன் செய்தார்கள், பிறகு நேரில் வந்தார்கள். "உங்க ஃப்ரெண்டுன்னு விட்டுட்டீங்களா மேடம்?" என்று ஒரு அம்மா முகத்துக்கு நேராகவே கேட்டார். தாளாளர், "மெமோ குடுத்துடுங்க" என்றார். நான் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஒக்கலிபுரத்து சார் ஞாபகம் வந்தார்.

அவரை எனக்குப் பரீட்சைத் தாள் திருத்தும் முகாமில் தெரியும். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் வெயிலில் பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள்களைத் திருத்த பல பள்ளிகளிலிருந்து டீச்சர்கள் ஒரே மண்டபத்தில் கூடுவோம். எங்கள் மேசைக்கு மேற்பார்வை பார்த்தவர் அவர். என்னைவிட ஆறேழு வயது சின்னவர். ஒக்கலிபுரத்தில், ரயில் பாதையை ஒட்டி இருக்கும் ஒரு சிறிய உதவிபெறும் பள்ளிக்குத் தலைமையாசிரியர். ஒரு நாள் எங்கள் மேசையில் தகராறு. ஒரு பிள்ளை விடைக்குறிப்பில் இல்லாத வழியில் கணக்கைப் போட்டிருந்தது. திருத்திய டீச்சர் பூஜ்யம் போட்டார். பக்கத்தில் இருந்தவர் முழு மார்க் கொடுக்கணும் என்றார். குரல்கள் உயர்ந்தன. சார் வந்து தாளை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. பூஜ்யம் போட்டவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அந்தப் பையன் என்ன பண்ணியிருக்கான்னு எனக்கு ஒவ்வொரு வரியா சொல்லுங்க சார்" என்றார். அந்த டீச்சர் சொல்ல ஆரம்பித்தார். நாலாவது வரிக்கு வரும்போது அவரே நிறுத்தினார். பேனாவை எடுத்து மார்க்கைத் திருத்தினார். சார் எழுந்து அடுத்த மேசைக்குப் போய்விட்டார். யார் முகமும் வாடவில்லை.

அந்தக் காட்சி ஏனோ என்னோடு தங்கிவிட்டது. முகாமின் வாட்ஸப் குழுவில் அவர் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன். எதற்கு என்று சொன்னேன். 

"என்கிட்ட எதுக்கு மேடம்? நான் உங்கள விட சின்னவன். உங்க இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல் பத்தி எனக்கு ஒண்ணும் கொத்தில்ல." கொத்தில்ல என்றால் தெரியாது. கன்னடம் அவர் பேச்சில் அப்படித்தான் கலந்து வரும். "உங்க ஸ்கூல்ல ஒரு கிளாஸுக்கு இருக்கற பசங்கதான் எங்க மொத்த ஸ்கூலும்."

"அதனால பரவால்ல சார்."

"உங்க பிரின்சிபல் மேடம் இருக்காங்க இல்ல? பெரிய பேரு அவங்களுக்கு."

"கேட்டாச்சு சார்."

"சரி, ஒரு வாரம் யோசிங்க. வேற யாராவது தோணினா அவங்ககிட்ட போங்க. அப்பவும் என்கிட்டதான் வரணும்னு தோணுச்சுன்னா சனிக்கிழமை ஸ்கூல் விட்டதும் வாங்க."

யோசித்தேன். ஒரு சக ஆசிரியையிடம் ஜாடையாகச் சொன்னபோது, "ஒக்கலிபுரத்துக்கா?" என்று கேட்டாள். அங்கே போய் என்ன கற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்பது அந்தக் குரலில் இருந்தது. சனிக்கிழமை மதியம் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ஏதோ ஒரு பாசஞ்சர் ரயிலைப் பிடித்தேன். சிட்டி ஸ்டேஷனில் இறங்கி நடந்தேன்.

அந்தப் பள்ளி ஒரு மாடிக் கட்டடம். கீழே வகுப்புகள், மேலே அவர் அறை. ஜன்னலுக்கு வெளியே தண்டவாளம். ரயில் போகும்போது மேசைமேல் இருந்த டீ டம்ளர்கள் கிணுகிணுவென்று நகரும். பேச்சை நிறுத்திவிட்டு, ரயில் போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். முதல் நாள் அது எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு பிடித்துப்போனது. சொல்ல வந்ததை இன்னொருமுறை மனதுக்குள் பார்த்துக்கொள்ள அந்த இடைவெளி போதுமாக இருந்தது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிட்டார். "மேடம், யாரு எப்படிப்பட்டவங்கன்னு என்கிட்ட சொல்லாதீங்க. என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. இன்னொண்ணு, என்ன செய்யணும்னு நான் சொல்ல மாட்டேன். உங்க ஸ்கூல் எனக்குத் தெரியாது."

சொல்லிப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. "அவ பொறுப்பில்லாம" என்று ஆரம்பித்தேன். அவர் கையை லேசாக உயர்த்தினார். மறுபடி ஆரம்பித்தேன். முதல் பீரியட், தாமதம், பெற்றோர், தாளாளர், மெமோ. எல்லாவற்றையும் நடந்த வரிசையில் சொன்னேன். அவர் டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவங்க என்ன சொன்னாங்க?"

"யாரு?"

"உங்க ஃப்ரெண்டு."

ஒரு ரயில் வந்தது. நீளமான ரயில். அது போய் முடிகிற வரை நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய பிரின்சிபலிடம் பேசியிருந்தேன், கணவரிடம் பேசியிருந்தேன், பயிற்சியாளரிடம், பெற்றோரிடம், தாளாளரிடம் பேசியிருந்தேன். அவளிடம் மட்டும் பேசியிருக்கவில்லை. அவள் ஏன் தாமதமாக வருகிறாள் என்பதுகூட எனக்குத் தெரியாது.

"கேக்கல சார்" என்றேன்.

"ஓ" என்றார். அவ்வளவுதான். கண்டிப்பும் இல்லை, ஆறுதலும் இல்லை. அதன்பிறகு அவர் பள்ளியின் தண்ணீர் டேங்க் பற்றிப் பேசினோம்.

திங்கட்கிழமை மாலை, கடைசி மணி அடித்தபிறகு கெமிஸ்ட்ரி லேபுக்குப் போனேன். அவள் சோதனைக் குழாய்களைக் கழுவி ஸ்டாண்டில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் "எஸ் மேடம்" என்றாள்.

"மேடம் எல்லாம் வேண்டாம். கேக்கணும்னு வந்தேன். காலைல என்ன ஆகுது உனக்கு?"

அவள் பைப்பை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் போய் மூடினேன்.

"நீ கேப்பேன்னு ரொம்ப நாளா பாத்துட்டிருந்தேன்" என்றாள். "அப்புறம், கேக்காம இருந்தாலே நல்லதுன்னு நெனச்சேன்."

அவள் மகள் பியூசி முதல் வருடம், அதாவது பதினோராம் வகுப்பு. ஜூலையிலிருந்து காலேஜுக்குப் போக மறுக்கிறாள். காலையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தித் தரையில் உட்கார்ந்துவிடுவாள். அடித்தும் பார்த்தாயிற்று, கெஞ்சியும் பார்த்தாயிற்று. கணவர் அதிகாலை ஷிஃப்டுக்குப் போய்விடுகிறார். மகளைத் தனியாக விட்டுவிட்டு வரப் பயம். அவளுடைய அத்தை கம்மனஹள்ளியிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தால்தான் இவள் கிளம்ப முடியும்.

"டாக்டர்கிட்ட காட்டறோம். மெதுவாதான் ஆகும்ங்கறாங்க. ஒவ்வொரு பேரண்ட்ஸ் மீட்டிங்லயும் எதிர்ல உக்காந்து, பிள்ளைய இப்படிப் பாத்துக்குங்க, அப்படிப் பாத்துக்குங்கன்னு பேசறவ நான். எம் பொண்ணு காலேஜுக்குப் போக மாட்டேங்கறான்னு எப்படிச் சொல்வேன்? உன்கிட்டன்னா சொல்லியிருப்பேன். ஹெச்செம்கிட்ட எப்படிச் சொல்றது?"

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அன்று லேபிலேயே இருட்டும் வரை பேசினோம். வாட்ச்மேன் வந்து விளக்கைப் போட்டுவிட்டுப் போனார். மாதக்கணக்கில் நாங்கள் பேசாமல் வைத்திருந்ததெல்லாம் வந்தது. எனக்குப் பதவி வந்தபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்ததாம், கொஞ்சம் பொறாமையாகவும் இருந்ததாம். அதையும் சொன்னாள். எனக்கு அது கோபத்தைத் தரவில்லை. மதியம் தனியாகச் சாப்பிடுவதைப் பற்றி நான் சொன்னபோது, "நாங்க என்னவோ உனக்கு இப்ப எங்களோட உக்காரப் பிடிக்கலன்னு நெனச்சோம்" என்றாள்.

டைம்டேபிளை மாற்றினேன். அவளுடைய வகுப்பு இடைவேளைக்குப் பிறகு. பிசிக்ஸ் எடுத்த இளம் டீச்சர் முதல் பீரியடுக்கு ஒப்புக்கொண்டாள், கொஞ்சம் முணுமுணுப்போடு. விட்டுப்போன பாடத்தை என் தோழி சனிக்கிழமை கூடுதல் வகுப்பு வைத்து முடித்தாள். மெமோ கொடுக்கவில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது, நான் பொறுப்பேற்கிறேன் என்று தாளாளரிடம் சொன்னேன். என்ன காரணம் என்று கேட்டார். அது அவள் வீட்டு விஷயம் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் மேசைமேல் விரலால் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, "சரி, ரிசல்ட் வரட்டும்" என்றார். அப்படி அவரிடம் பேசியது எனக்கு முதல்முறை. 

சனிக்கிழமைகள் தொடர்ந்தன. மாதத்தில் இரண்டு முறை, சில மாதம் ஒரு முறை. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு சந்தோஷம். ரயிலில் நின்றுகொண்டு, இன்று அவரிடம் எதைச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போவேன். பாதி விஷயங்கள் யோசிக்கும்போதே தீர்ந்துவிடும். பள்ளிக்குக் கீழே இருந்த கடையிலிருந்து டீயும் சூடான மசால் வடையும் வரும். சில நாள் பேச ஒன்றும் இருக்காது. எண்ணியல் பற்றியோ, ஒரு வடிவியல் கணக்கை ஒன்பதாம் வகுப்புக்கு எப்படிப் புரியவைப்பது என்பது பற்றியோ கரும்பலகையில் போட்டுப் போட்டுப் பேசிக்கொண்டிருப்போம். நாங்கள் இருவரும் கணக்கு டீச்சர்கள் என்பது எனக்கு அப்போதுதான் மறுபடி ஞாபகம் வரும்.

ஒரே ஒரு முறை அவர் தன் விதியை மீறினார். எங்கள் பள்ளியில் செல்போன் கொண்டுவரக்கூடாது என்று புதிதாக ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. பெற்றோர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். நான் ரொம்ப நச்சரித்ததில் அவர், "எங்க ஸ்கூல்ல இந்த மாதிரி வந்தா எல்லாரையும் கிரவுண்டுக்குக் கூப்டு நேரா பேசிடுவேன் மேடம். ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்" என்றார். நானும் கூப்பிட்டேன். அவர் பள்ளியில் வருபவர்கள் நாற்பது பேர், ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள். எங்கள் மைதானத்தில் நானூறு பேர் வந்தார்கள். மைக்கைப் பிடுங்காத குறை. இரண்டு அப்பாக்கள் பார்க்கிங் தகராறை அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். கடைசியில் மழை வந்து எங்களைக் காப்பாற்றியது.

அடுத்த சனிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்க ஆரம்பித்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "இதுக்குத்தான் மேடம், நான் சொல்ல மாட்டேன்னு சொன்னது. என்னை எதுக்குச் சொல்ல வெச்சீங்க?" நானும் சிரித்தேன். அவரும் தவறு செய்வார் என்பது தெரிந்தபிறகு அவரிடம் பேசுவது இன்னும் சுலபமாகிவிட்டது.

இரண்டரை வருடம் போலப் போயிருக்கும். ஒருநாள் நான் ஏதோ சொல்லி முடித்ததும் அவர் கேள்வி கேட்காமல் உட்கார்ந்திருந்தார். "என்ன சார்?" என்றேன்.

"கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல மேடம். நான் என்ன கேப்பேனோ அதையெல்லாம் நீங்களே கேட்டுட்டுதான் வரீங்க. கொஞ்ச நாளாவே அப்படித்தான். இனி இதுக்காகன்னு வர வேண்டியதில்ல. சும்மா வாங்க, டீ குடிக்கலாம்."

 சும்மா வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். சும்மா போவது அவ்வளவு சுலபமாக இல்லை. காரணம் இல்லாத சனிக்கிழமைகளை வீடு எடுத்துக்கொண்டது, சர்ச் எடுத்துக்கொண்டது. இரண்டு மூன்று முறை போனேன். பிறகு அவர் அத்திபெலேயில் ஒரு பெரிய பள்ளிக்கு மாறிப் போய்விட்டார். மனைவியின் ஊர் ஓசூர், அவருக்கு அது பக்கம்.

என் தோழி, நான் டைம்டேபிளை மாற்றிய அந்த வருடப் பரீட்சை முடியும்வரைதான் பள்ளியில் இருந்தாள். பிள்ளைகள் நன்றாகவே எழுதினார்கள். பிறகு வேலையை விட்டுவிட்டாள். வீட்டில் டியூஷன் எடுக்கிறாள். அவள் மகள் ஒரு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, டிசைன் படிக்கப் போனாள். இப்போது வேலைக்குப் போகிறாள், சில காலைகள் இன்னும் கஷ்டம்தான் என்று தோழி சொல்வாள். நாங்கள் மாதம் ஒருமுறை சந்திக்கிறோம். ஸ்டாஃப் ரூமில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்த அந்த நெருக்கம் முழுசாகத் திரும்பவில்லை. இருப்பதில் குறையும் இல்லை.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓசூர் ரோடு முழுக்க ஊர்ந்து, நானும் என் கணவரும் அத்திபெலேக்கு சார் வீட்டுக்குப் போனோம். சார் வந்தவர்களை உட்காரவைத்துப் பேசுகிற ஆள். கிரிக்கெட்டில் ஆரம்பித்து இருவரும் எங்கேயோ போய்விட்டார்கள். நான் சமையலறையில் அவர் மனைவியோடு நின்றேன். அப்போதுதான் அவரை முதல்முறை பார்க்கிறேன். அடுப்பு முன்னால் நின்று, பிதுக்கிய அவரைப்பருப்பைக் குழம்பில் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்கதானா அது" என்றார் சிரித்துக்கொண்டே. "அப்பல்லாம் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தா ஒரு மாதிரி இருப்பாரு. என்ன ஆச்சுன்னு கேட்டா, இன்னிக்கி அந்த மேடம் வந்தாங்க, ஒரு விஷயம் சொன்னாங்க, நானா இருந்தா என்ன பண்ணியிருப்பேன்னே தெரியலம்பாரு. ஞாயித்துக்கிழமை கறி வாங்கப் போற வழியெல்லாம் அதே பேச்சு. அப்புறம் திங்கக்கிழமை அவரு ஸ்கூல்ல எதையாச்சும் மாத்துவாரு."

 ஹாலிலிருந்து அவர் குரல் கேட்டது, என் கணவர் எதற்கோ சிரித்தார். "உப்பு பாருங்கக்கா" என்று அவர் மனைவி கரண்டியில் கொஞ்சம் குழம்பை எடுத்து என் உள்ளங்கையில் விட்டார். இன்னும் ஒரு சிட்டிகை போடலாம் என்றேன்.